நம்ம சூடான கடலுக்கு எந்த ரெகுலேட்டர் சரி?

ஸ்கூபா டைவிங்ல ஓப்பன் வாட்டர்ங்கிற முதல் கோர்ஸ் முடிச்சு கொஞ்சம் டைவ் போனதுமே, டேங்க் காத்தை மூச்சுக்கு ஏத்த மாதிரி வாய்க்குக் கொண்டு வர்ற ரெகுலேட்டரை சொந்தமா வாங்கணும்னு ஆசை வந்துடும், அது நியாயமான ஆசைதான், ஊர் பேர் தெரியாதவங்க எல்லாம் கடிச்ச மவுத்பீஸை வாயில வெச்சுக்கிட்டு 18 மீட்டர் கீழ போறதை விட நம்ம கையால கழுவி வெச்ச ஒண்ணோட போறது மனசுக்கே தனி தைரியம். ஆனா வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சா தலை சுத்தும். பிஸ்டன், டயஃப்ரம், பேலன்ஸ்டு, அன்பேலன்ஸ்டு, சீல்டு, டின், யோக்னு வரிசையா வார்த்தைங்க வரும், ஒவ்வொரு கம்பெனியும் தன்னோட டாப் மாடல் ஐஸ் கட்டிக்கு கீழ கூட வேலை செய்யும்னு சொல்லும். பாண்டிச்சேரியிலயும் நேத்ராணியிலயும் அந்தமான்லயும் திருகோணமலையிலயும் டைவ் பண்ற நமக்கு ஐஸ் எங்க இருக்கு? தண்ணி வருஷத்துல பெரும்பாலும் 26ல இருந்து 30 டிகிரி. அதனால நம்ம கேக்க வேண்டிய கேள்விகளே வேற. டேங்க் காலியாகுற நேரத்துலயும் மூச்சு லேசா வருமா, உப்பையும் மணலையும் தாங்குமா, கெட்டுப்போனா நம்ம பக்கத்துல யாரு பிரிச்சு சரி பண்ணுவாங்க. என்னைக் கேட்டா கடைசி கேள்விக்குத்தான் முதல் இடம், ஆனா அதுக்கு முன்னாடி இந்த சாமான் உள்ள என்ன நடக்குதுன்னு புரியணும், இல்லன்னா கடைக்காரர் சொல்றதுதான் வேதம்.

நம்ம ஊர்ல வாடகைக்குக் கிடைக்குற சாதாரண அலுமினியம் டேங்க் 11 லிட்டர் கொள்ளளவு, உள்ள காத்து 200 பார் அழுத்தத்துல இருக்கும். அந்த அழுத்தத்தை நேரா வாய்க்குக் கொண்டு வர முடியாது, அதனால ரெண்டு படியா குறைக்கிறாங்க. டேங்க் வால்வுல மாட்டுற உருண்டையான உலோகப் பகுதிதான் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அது 200 பாரை ஹோஸுக்குள்ள கிட்டத்தட்ட 9ல இருந்து 10 பார் வரைக்கும் குறைக்குது. வாயில வெச்சுக்குறது செகண்ட் ஸ்டேஜ், அது அந்த 10 பாரை நம்மளைச் சுத்தியுள்ள தண்ணியோட அழுத்தத்துக்கு சமமா குறைச்சு, நம்ம இழுக்கும்போது மட்டும் குடுக்குது. சமையல் கேஸ் சிலிண்டர் மேல மாட்டுற ரெகுலேட்டரும் அழுத்தத்தைக் குறைக்கிறதுதான், ஆனா அது இருக்குற இடம் மாறாது. டைவிங் ரெகுலேட்டர் நம்மளோட சேந்து கீழ இறங்குது, மேல ஏறுது. 30 மீட்டர்ல சுத்தியுள்ள அழுத்தம் 4 பார், அப்போ ஹோஸ்ல இருக்க வேண்டியது அந்த 4க்கு மேல இன்னொரு 9 அல்லது 10. இதை ஒவ்வொரு மீட்டருக்கும் தானாவே சரி பண்ணிக்கிட்டே போகணும், அதுவும் டேங்க்ல 200 இருக்கும்போதும் 40 இருக்கும்போதும் ஒரே மாதிரி.

இது எவ்ளோ நுணுக்கமான விஷயம்னு 1943லயே தெரிஞ்சுபோச்சு. பிரான்ஸ்ல ஏர் லிக்விட் கம்பெனில இருந்த எமில் காக்னான்ங்கிற இன்ஜினியர், போர்க்காலத்துல பெட்ரோல் கிடைக்காம கேஸ்ல ஓடுன கார்களுக்காக ஒரு வால்வு பண்ணியிருந்தார், அதை மாத்தி அமைச்சுத்தான் அவரும் ஜாக் கூஸ்தோவும் அக்வாலங்ங்கிற டைவிங் மூச்சுக் கருவியை உருவாக்குனாங்க. மார்ன் ஆத்துல முதல்ல போட்டுப் பாத்தப்ப, நிமிந்து நின்னா காத்து வீணா கொட்டுது, தலைகீழா திரும்புனா மூச்சே இழுக்க முடியல. காரணம் ரொம்ப சின்னது. வெளிய விடுற காத்து போற வழியும் உள்ள காத்தைத் தர்ற டயஃப்ரமும் வேற வேற உயரத்துல இருந்துச்சு, நடுவுல இருந்த கொஞ்சம் சென்டிமீட்டர் தண்ணியோட அழுத்தமே வால்வைத் தொறக்கவும் அடைக்கவும் போதுமானதா இருந்துச்சு. ரெண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்ததும் பிரச்சனை தீந்துச்சு. அந்த காலத்து ரெகுலேட்டர்ல எல்லாமே முதுகுப் பக்கம், ரெண்டு குழாய் வாய்க்கு வரும். இன்னைக்கு நம்ம பாக்குற ஒத்தை ஹோஸ் வகையை 1952ல மெல்போர்ன்ல டெட் எல்ட்ரெட் போர்பாய்ஸ்ங்கிற பேர்ல வித்தார், இப்ப நாம வாங்குற எல்லா மாடலும் அந்த வழியில வந்ததுதான். அந்த சென்டிமீட்டர் கணக்கு இன்னைக்கும் அப்படியே இருக்கு. ஒரு நல்ல செகண்ட் ஸ்டேஜ் தொறக்குறதுக்கு மூணு நாலு சென்டிமீட்டர் தண்ணி அளவுக்கு உறிஞ்சுனா போதும், அதனாலதான் மவுத்பீஸ் மேல பாக்குற மாதிரி தண்ணியில விழுந்தா சர்ர்ருனு காத்து கொட்டுது, கீழ பாக்க திருப்புனா நின்னுடுது. அது கோளாறு இல்ல, அப்படித்தான் வேலை செய்யும்.

சரி, பிஸ்டனா டயஃப்ரமா? பிஸ்டன் வகையில உள்ள ஒரே ஒரு பெரிய அசையும் பாகம், ஒரு ஸ்பிரிங், கசிவைத் தடுக்குற சில ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், அவ்ளோதான். கடல் தண்ணி நேரா உள்ள வந்து பிஸ்டனைத் தொடும், அப்படித்தான் ஆழத்தை உணருது. டயஃப்ரம் வகையில ஒரு கெட்டியான ரப்பர் தகடு நடுவுல இருக்கும், தண்ணி அதுக்கு வெளிய நின்னு அழுத்தும், அந்த அழுத்தம் ஒரு ஊசி வழியா உள்ள இருக்குற வால்வைத் தள்ளும், முக்கியமான பாகங்களை தண்ணி தொடாது. கேக்கும்போதே டயஃப்ரம்தான் உயர்ந்ததுன்னு தோணும், ஆனா ஸ்கூபாப்ரோவோட எம்கே25 மாதிரி பேலன்ஸ்டு பிஸ்டனும் அபெக்ஸ் மாதிரி டயஃப்ரமும் பல வருஷமா ஒண்ணுக்கொண்ணு சளைக்காம காத்து குடுத்துக்கிட்டுத்தான் இருக்கு. நம்ம கடலுக்கு வித்தியாசம் உப்புலயும் மணல்லயும்தான். மழைக்காலம் முடிஞ்ச கையோட கோரமண்டல் கரையில தண்ணி கலங்கலா இருக்கும், கரையில இருந்து நடந்து இறங்குற இடங்கள்ல அலை மணலை வாரி மேல கொட்டும். பிஸ்டனோட ஸ்பிரிங் அறையில அந்த மணலும் காஞ்ச உப்பும் போய் உக்காரும். ஒவ்வொரு டைவுக்கும் அப்புறம் பொறுமையா நல்ல தண்ணியில ஊற வெச்சு கழுவுறவருக்கு பிஸ்டன் பிரச்சனையே இல்ல. படகுல இருந்து இறங்கி ரூமுக்குப் போய் பையோட போட்டுட்டுத் தூங்குற ஆளா இருந்தா டயஃப்ரம் எடுங்க, அதுலயும் சீல்டு வகையா இருந்தா நல்லது. சீல்டுங்கிறது குளிர் தண்ணிக்காகக் கண்டுபிடிச்ச விஷயம், 200 பார்ல இருந்து 10 பாருக்கு விரியும்போது காத்து ரொம்ப குளிரும், ஏற்கெனவே சில்லுனு இருக்குற ஏரித் தண்ணி அந்தக் குளிர்ல ஐஸா உறைஞ்சு வால்வு தொறந்தபடியே நின்னுடும். நம்ம தண்ணியில அந்த பயம் கிடையாது, ஆனா ஐஸைத் தடுக்குற அதே மூடி உப்பையும் தடுக்குது.

பிஸ்டன், டயஃப்ரம் விஷயத்துல ரெண்டு பக்கமும் பேச இடம் இருக்கு, பேலன்ஸ்டா இல்லையாங்கிறதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே இல்ல. பேலன்ஸ்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாங்குங்க. ஏன்னு சொல்றேன். சாதாரண அன்பேலன்ஸ்டு பிஸ்டன்ல டேங்க் அழுத்தமும் வால்வைத் தொறக்க உதவி பண்ணுது. டேங்க் நிறைய இருக்கும்போது அந்த உதவி அதிகம், காலியாக ஆக உதவி குறையும், ஹோஸ்ல வர்ற அழுத்தமும் ஒரு பாருக்கு மேல இறங்கிடும். மேலோட்டமான தண்ணியில இது யாருக்கும் தெரியாது. ஆனா 30 மீட்டர்ல காத்து நாலு மடங்கு அடர்த்தி, மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்குறவர் அங்க 80 லிட்டருக்கு சமமா இழுக்குறார், கரண்ட்டை எதிர்த்து நீந்துனா இன்னும் அதிகம். டேங்க்ல 50 பார் இருக்குற அந்த நேரம் பாத்து உங்க பட்டியோட (buddy, கூட ஜோடியா டைவ் பண்றவர்) காத்து தீந்து, அவர் உங்க ஆக்டோபஸை, அதாவது அவசரத்துக்கு வெச்சிருக்குற ரெண்டாவது செகண்ட் ஸ்டேஜை, எடுத்து வாயில வெச்சுக்கிட்டா, ரெண்டு பேர், அதுல ஒருத்தர் பதட்டத்துல வேகமா மூச்சு வாங்குறவர், ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல இழுப்பாங்க. ரெகுலேட்டருக்கு உண்மையான பரீட்சை அந்த ரெண்டு நிமிஷம்தான். பேலன்ஸ்டு வகையில டேங்க் அழுத்தத்தைக் கணக்குல எடுக்காத மாதிரி உள்ள அமைச்சிருப்பாங்க, 200லயும் 50லயும் ஒரே காத்துதான் வரும்.

இதை நான் சொல்றதால டைவ் சென்டர் வாடகைக்குக் குடுக்குற அன்பேலன்ஸ்டு பிஸ்டன் ஆபத்துன்னு யாரும் எடுத்துக்க வேணாம். எம்கே2, க்ரெஸி ஏசி2 மாதிரி வகைங்க உலகம் முழுக்க ஸ்டூடண்ட்ஸ் கையில அடிபட்டு மிதிபட்டும் ஓடிக்கிட்டு இருக்கு, பாகம் குறைவு, சர்வீஸ் சுலபம், 18 மீட்டர் வரைக்கும் எந்தக் குறையும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஹேவ்லாக் போயி மேலோட்டமா ரீஃப் பாத்துட்டு வர்றவருக்கு அது போதும். ஆனா அப்படிப்பட்டவர் சொந்தமா வாங்கவே தேவையில்லைங்கிறது என் கருத்து, அந்தக் காசுல நல்ல மாஸ்க்கும் டைவ் கம்ப்யூட்டரும் வாங்கிக்கலாம்.

வாங்கும்போது பெட்டியிலயோ ரெகுலேட்டர் மேலயோ இஎன் 250ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. ஐரோப்பிய தரக்கட்டுப்பாடு அது. 50 மீட்டர் ஆழத்துக்கு சமமான அழுத்தத்துல, நிமிஷத்துக்கு 62.5 லிட்டர் மூச்சு இழுக்குற மெஷின்ல மாட்டி, ஒரு லிட்டர் காத்து இழுக்க செலவாகுற சக்தி 3 ஜூலைத் தாண்டக் கூடாதுன்னு டெஸ்ட் பண்ணுவாங்க. பக்கத்துல 10 டிகிரிக்கு மேலன்னு குறிச்சிருந்தா குளிர் தண்ணி டெஸ்ட்டுக்குப் போகாத மாடல்னு அர்த்தம், நமக்கு அது குறையே இல்ல, விலையும் கம்மியா இருக்கும். புது மாடல்ல 2014ங்கிற வருஷத்தோட ‘A’ங்கிற ஒரு எழுத்து இருந்தா ரெண்டு பேர் சேந்து மூச்சு விடுற நிலைமைக்கும் டெஸ்ட் ஆனதுன்னு அர்த்தம். மேல சொன்ன பட்டி கதைக்கு இதுதான் பதில், ஷோரூம்ல நின்னு ஊதிப் பாத்து கண்டுபிடிக்க முடியாத விஷயம் இது. கடையில டேங்க் இல்லாம வெறும் காத்துல இழுத்துப் பாத்துட்டு இது லேசா இருக்கு அது டைட்டா இருக்குன்னு முடிவு பண்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

செகண்ட் ஸ்டேஜ்ல ஒரு குமிழும் ஒரு நெம்புகோலும் இருக்குற மாடல் கொஞ்சம் விலை கூட. குமிழ் எவ்ளோ உறிஞ்சுனா தொறக்கணும்ங்கிறதை மாத்தும், நெம்புகோல் உள்ள காத்து ஓடுற திசையை மாத்தும், மேல இருக்கும்போது ப்ரீடைவ், உள்ள போனதும் டைவ். படகுல இருந்து குதிக்கிறவங்களுக்கு நெம்புகோல் உபயோகம், குமிழ் இல்லாட்டியும் குடி முழுகிடாது. மவுத்பீஸ் தாடைக்கு சரியா இருக்கணும், செகண்ட் ஸ்டேஜ் கனமா இருந்தா ஒரு மணி நேரத்துல தாடை வலிக்கும். ஹோஸ் கலர், ஸ்விவல் எல்லாம் உங்க இஷ்டம்.

ஆக்டோபஸ்ல மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீங்க. பலர் மெயின் செகண்ட் ஸ்டேஜை பெருசா வாங்கிட்டு ஆக்டோபஸ்னு வந்ததும் இருக்குறதுலயே மலிவானதை மாட்டுவாங்க, அதை யார் எப்ப உபயோகிப்பாங்கன்னு யோசிச்சா அந்த முடிவு எவ்ளோ தலைகீழ்னு புரியும். மெயின்ல இருக்குற அதே கம்பெனி, முடிஞ்சா அதே சர்வீஸ் கிட் போடுற மாடலா எடுத்தா பின்னாடி பாகம் தேடுற அலைச்சலும் பாதியாகும். மஞ்சள் கலர், ஒரு மீட்டர் அளவுக்கு ஹோஸ்.

யோக்கா டின்னாங்கிறது பாக்குறதுக்கு சின்ன கேள்வி. யோக்குல ரெகுலேட்டர் வால்வு மேல கவ்விப் பிடிக்கும், ஓ-ரிங் டேங்க் பக்கம் இருக்கும், 232 பாருக்கு மேல அதைப் போட மாட்டாங்க. டின்னுல ரெகுலேட்டரே வால்வுக்குள்ள திருகி ஏறும், ஓ-ரிங் உள்ள மாட்டிக்கிட்டு வெளிய பிதுங்க வழி இல்ல, 300 பார் வரைக்கும் தாங்கும். பொறியியலா பாத்தா டின்தான் உறுதி. ஆனா நான் பாத்த வரைக்கும் நம்ம பக்கத்துலயும் அந்தமான்லயும் இலங்கையிலயும் படகுல அடுக்கி வெச்சிருக்குற டேங்குங்க பெரும்பாலும் யோக்குக்கு ஏத்ததுதான். சில வால்வுல நடுவுல இருக்குற உருளையை ஆலன் கீ போட்டுக் கழட்டுனா டின்னும் ஏறும், எல்லாத்துலயும் அப்படி இல்ல. டின் வாங்கி யோக் அடாப்டர் போடலாம், போட்டா ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சில சென்டிமீட்டர் தள்ளி தலைக்குப் பின்னாடி இடிக்கும். நம்ம ஊர் டைவ் மட்டும்னா யோக். மட்டக்களப்புக்கு வெளிய 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானங்க மூழ்கடிச்ச ஹெச்எம்எஸ் ஹெர்மிஸ் கிடக்குதே, அங்க ஒருநாள் போகணும்ங்கிற கனவு இருந்தா விஷயம் மாறுது. அந்தக் கப்பல் 50 மீட்டருக்கு மேல ஆழத்துல கிடக்கு, அது சாதாரண பொழுதுபோக்கு டைவிங்கைத் தாண்டுன டெக்னிக்கல் டைவிங், அங்க ரெட்டை டேங்க், தனித்தனியா ரெண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்னு போவாங்க, அதுக்கு டின்னும் பேலன்ஸ்டு டயஃப்ரமும்தான் வழக்கம். அந்தப் பாதையில கண்டிப்பா போவேன்னு தெரிஞ்சவங்க முதல் ரெகுலேட்டரையே டின்னா வாங்கிட்டா பின்னாடி மாத்துற செலவு மிச்சம்.

டைட்டானியம் பத்தி ஒரு வார்த்தை. எடை கம்மி, துரு பிடிக்காது, ஃப்ளைட்ல கேபின் பையில வெச்சுக்கிட்டுப் போக சுகம். ஆனா 40 சதவீதத்துக்கு மேல ஆக்சிஜன் ஓடுற இடத்துல டைட்டானியத்தை வெக்கக் கூடாது, தீப்பிடிக்குற ஆபத்து இருக்கு. 32 சதவீதம் ஆக்சிஜன் கலந்த சாதாரண நைட்ராக்ஸ் 32க்குப் பிரச்சனை இல்ல.

இப்ப சர்வீஸ். வருஷத்துக்கு ஒரு தடவை, இல்ல 100 டைவ்னு பல கம்பெனியும் சொல்லும், ரெண்டு வருஷம் வரைக்கும் விடுற கம்பெனியும் உண்டு. சர்வீஸ்னா வெளிய துடைச்சுக் குடுக்குறது இல்ல. முழுசா பிரிச்சு, உலோகத்தை அல்ட்ராசோனிக் தொட்டியில கழுவி, ஓ-ரிங்கும், வால்வு அழுந்தி மூடுற சீட்டும், ஃபில்டரும் எல்லாம் புதுசு போட்டு, திரும்ப அழுத்தம் செட் பண்றது. அதுக்கு அந்த மாடலோட கிட் வேணும், அந்த மாடலுக்குப் பயிற்சி எடுத்த ஆள் வேணும். இந்த ரெண்டும் சென்னையில ஒரு பிராண்டுக்குக் கிடைக்கும், இன்னொண்ணுக்குக் கிடைக்காது, கிட் வெளிநாட்டுல இருந்து வர மாசக்கணக்கா காத்திருக்குறவங்க நிறைய. அதனால எந்த மாடல்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி நீங்க வழக்கமா டைவ் பண்ற சென்டர்ல போய், அண்ணே இங்க நீங்க எந்த பிராண்டை நீங்களே பிரிச்சு மாட்டுறீங்க, கிட் ஸ்டாக் வெச்சிருக்கீங்களான்னு கேளுங்க. அவங்க வாடகை ரெகுலேட்டர் எல்லாம் என்ன பிராண்டோ அதுக்குத்தான் கிட் கைவசம் இருக்கும். அந்த பிராண்டுல ஒரு பேலன்ஸ்டு மாடல் எடுத்தா உங்க பிரச்சனை பாதி முடிஞ்சுது. வெளிநாட்டு சைட்ல பாதி விலைக்கு வருதுன்னு யாருக்கும் தெரியாத பிராண்டை வரவழைச்சா, முதல் சர்வீஸ்லயே அந்த லாபம் காணாமப் போகும்.

சர்வீஸ் பண்ணி வந்ததும் அதை அப்படியே நம்பி இறங்காம ஹோஸ்ல இருக்குற அழுத்தத்தைக் காட்டுற ஒரு ஐபி கேஜ் வாங்கி வெச்சுக்கோங்க. பிசிடிக்கு, அதாவது மிதக்குறதுக்குப் போடுற காத்து ஜாக்கெட்டுக்கு, போற ஹோஸ் முனையில மாட்டுற சின்ன மீட்டர், ரெகுலேட்டர் விலையோட பாத்தா செலவே இல்ல. முதல்ல கேஜை மாட்டிட்டு அப்புறமா டேங்கை மெதுவா தொறங்க. முள் 9, 10 பக்கம் போய் நிக்கும். செகண்ட் ஸ்டேஜ் முன்பக்கம் இருக்குற பர்ஜ் பட்டனை அமுக்குனா டபக்குனு கீழ இறங்கி, விட்டதும் திரும்ப மேல வந்து அதே இடத்துல நிக்கணும். அஞ்சாறு தடவை அமுக்கிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா பாத்துக்கிட்டு இருங்க. நின்ன இடத்துல நின்னா ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் நல்லா இருக்கு. முள் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல மேல மேல ஊர்ந்து போனா உள்ள சீட் தேய்ஞ்சு 200 பார் காத்து கசியுதுன்னு அர்த்தம், அது 11, 12ன்னு ஏறும்போது செகண்ட் ஸ்டேஜ் தாங்காம சீறும். படகுல திடீர்னு காத்து நிக்காம கொட்டி ஃப்ரீ ஃப்ளோ ஆச்சுன்னு சொல்ற பல கதையில இந்த முள் முன்னாடியே ஊர்ந்திருக்கும், பாக்கத்தான் ஆள் இல்ல. இன்னொரு டெஸ்ட்டுக்கு மீட்டர் கூட வேணாம். டேங்க்ல மாட்டாம ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயை மூடுற டஸ்ட் கேப்பை இறுக்கிட்டு மவுத்பீஸ்ல லேசா உறிஞ்சுங்க, இறுகி நின்னுடணும். காத்து உள்ள வந்தா வெளிக்காத்து போற ரப்பர் மூடியில மணலோ முடியோ சிக்கியிருக்கு, அதே வழியில கடல் தண்ணியும் வாய்க்குள்ள வரும்.

பழசு வாங்குறவங்களுக்கும் இதே டெஸ்ட்தான், கூடவே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் நுழைவாய்ல இருக்குற கூம்பு மாதிரியான ஃபில்டரை டார்ச் அடிச்சுப் பாருங்க. பச்சையா இருந்தா உள்ள கடல் தண்ணி போயிருக்கு, செம்பழுப்பா இருந்தா ஏதோ ஸ்டீல் டேங்கோட துரு, கறுப்பா இருந்தா கம்ப்ரசர் ஃபில்டர் சரியில்லாத காத்து. பச்சைன்னா பேரம் பேசாம வந்துடுங்க. ஹோஸை முனைப் பக்கம் மடிச்சுப் பாருங்க, வெடிப்பு இருந்தா மாத்தணும், துணி மாதிரி பின்னுன ஹோஸா இருந்தா வெளிய வெடிப்பே தெரியாம உள் குழாய் கெட்டிருக்கலாம், அதனால வயசு தெரியாத பின்னல் ஹோஸை நான் எப்பவும் மாத்தத்தான் சொல்லுவேன். விக்கிறவர் கேக்குற விலையோட ஒரு முழு சர்வீஸ் செலவையும் ரெண்டு புது ஹோஸையும் கூட்டிட்டு, அதையும் புதுசோட விலையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பல நேரம் வித்தியாசம் ரொம்பக் கம்மியாத்தான் வரும், அப்படி வந்தா புதுசையே எடுங்க.